சும்மா கம்பெனி கொடுத்தேன், ஃபாதர்



இந்த வாரம் திருச்சபை ஒரு தாயையும் அவர் மகனையும் அடுத்தடுத்த நாள்களில் நினைவுகூர்கிறது. ஆகஸ்ட் 27 புனித மோனிக்கா. 28 புனித அகுஸ்தினார். 29-ஆம் தேதி வேளாங்கண்ணியில் திருவிழாக் கொடி ஏறுகிறது. நம் பங்குப் பிள்ளைகள் சிலர் காவி உடுத்தித் தஞ்சாவூர்ச் சாலையில் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்னும் சிலர் இன்று பூசை முடிந்து புறப்படுகிறார்கள். அந்தத் தாயையும் மகனையும், நடந்து போகிற நம் பிள்ளைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு, பீடத்தில் நாம் அதிகம் பேசாத ஒன்றை இன்று பேசப்போகிறேன். பள்ளிக்கூடம் போகிற வயதில் நம் பிள்ளைகள் சிகரெட்டைத் தொடுவதைப் பற்றி.

டாக்டர் சொல்ல வேண்டியது, வாத்தியார் கண்டிக்க வேண்டியது, சாமியாருக்கு இதில் என்ன வேலை என்று யாராவது கேட்கலாம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 2290-ஆம் எண்ணில், உணவு, மது, புகையிலை, மருந்து இவற்றில் அளவு மீறுவதைப் பற்றிப் பேசுகிறது. எந்தக் கட்டளையின் கீழ் தெரியுமா? கொலையைத் தடுக்கிற ஐந்தாம் கட்டளையின் கீழ். வத்திக்கானில் 2018 முதல் சிகரெட் விற்பனை கிடையாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2017-இல் அதை நிறுத்த முடிவெடுத்தார். நல்ல வருமானம் தந்துகொண்டிருந்த விற்பனை அது. மக்களின் உடலைக் கெடுத்து வருகிற காசு திருச்சபைக்கு வேண்டாம் என்று நிறுத்தினார். ஆகவே இது பீடத்தில் பேச வேண்டிய காரியம்தான்.

பங்கு அலுவலகத்துக்கு வருகிற தாய்மார்கள் சொல்கிற வார்த்தை ஏறக்குறைய ஒன்றுதான். "எம் புள்ள தங்கம் ஃபாதர். சேர்க்கைதான் சரியில்ல." அந்தத் தாயின் கண்ணீரில் பொய் இல்லை. ஆனால் அவர் சொல்கிற அந்தச் சேர்க்கைப் பையனின் தாயும் வேறொரு நாள் வருகிறார். அதே நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே வார்த்தையைச் சொல்கிறார். அவர் கைகாட்டுவது முதலில் வந்த தாயின் மகனை. இந்தக் கவலைக்குச் சாதியும் இல்லை, மதமும் இல்லை. ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் இருக்கிற தாயும் இதையே சொல்கிறார், பாலக்கரையில் இருக்கிற தாயும் இதையே சொல்கிறார். அப்படியானால் அந்தக் கெட்ட சேர்க்கை எந்த வீட்டில்தான் குடியிருக்கிறது? என் பிள்ளை யாரோடு சேர்கிறான் என்று கேட்கிறோம். சரி, கேட்க வேண்டியதுதான். என் பிள்ளையோடு சேர்கிற பையன் என்ன ஆகிறான் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, காவிரிப் பாலத்தைத் தாண்டி, சத்திரத்திலும் மெயின்கார்டு கேட்டிலும் இறங்குகிற பள்ளிப் பிள்ளைகளைப் பாருங்கள். தனியாக வருகிறவன் குறைவு. நான்கு பேர், ஐந்து பேர் என்று சேர்ந்தேதான் வருவார்கள். மாலை டியூஷனுக்கும் அதே கூட்டம். டியூஷன் விட்டதும் வீட்டுக்குப் போக மனம் வராது. சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தெருமுனையில் நிற்பார்கள். பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை இருக்கும். முன்பெல்லாம் கடைத் தூணில் தேங்காய்நார்க் கயிறு ஒன்று கனன்றபடியே தொங்கும். இப்போது நூலில் கட்டிய லைட்டர். பாக்கெட்டாக வாங்கக் காசு இருக்காது. ஆளுக்குக் கொஞ்சம் சில்லறை போட்டு ஒன்றே ஒன்று வாங்குவார்கள். ஐந்து பேருக்கு ஒரு சிகரெட். மீசை அரும்பியவன் எவனோ அவன் பற்றவைப்பான். பிறகு அது கைமாறி வரும்.

நான்காவதாக நிற்கிற பையனைக் கவனியுங்கள். சிகரெட் வேண்டும் என்று அவன் வரவில்லை. அந்த வாடையே அவனுக்குக் குமட்டுகிறது. ஆனால் அது மூன்று கை கடந்து அவனிடம் வந்துவிட்டது. எல்லாரும் அவனைப் பார்க்கிறார்கள். அவன் தயங்குகிறான். "என்னடா, பால்வாடியா நீ?" என்று ஒருவன் கேட்கிறான். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது. யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அவன் வாங்கி ஓர் இழுப்பு இழுக்கிறான், இருமுகிறான், கண்ணில் தண்ணீர் வருகிறது. "மொதல்ல அப்படித்தான் இருக்கும் மாப்ள" என்று தோளில் தட்டிக்கொடுக்கிறார்கள். அவனுக்குப் பிடித்துப்போனது அந்தத் தட்டிக்கொடுத்தல்தான். பிறகு யார் வீட்டுச் சுவருக்கோ மேலே எட்டி ஒரு கொய்யா இலையைப் பறித்து மென்றுகொண்டு, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். அம்மா தட்டில் இட்லி வைக்கிறார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடுகிறான்.

"ஏன்டா தம்பி?" என்று கேட்டால் பிள்ளைகள் சொல்கிற பதில் இதுதான்: "சும்மா கம்பெனி கொடுத்தேன் ஃபாதர்." பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதை எந்தக் குருவும் வெளியே சொல்லமாட்டார். இது கோயில் மைதானத்தில் வாலிபால் ஆடிவிட்டு உட்கார்ந்திருக்கும்போது அவர்களே வெளிப்படையாகப் பேசுவது. நாம் இதைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பிள்ளை முழு உண்மையைச் சொல்கிறான். அவனுக்குத் தேவைப்பட்டது நண்பர்கள். சிகரெட் அவர்களோடு சேர்ந்து வந்தது. புற்றுநோய்ப் படத்தைக் காட்டி அவனைப் பயமுறுத்துகிறோம். அட்டையில் 85 விழுக்காடு இடத்தில் அந்தப் படம் அச்சாகியிருக்கிறது, அவன் பார்க்காததா? நாற்பது வருடம் கழித்து வரப்போகிற நோயைவிட, நாளைக் காலையில் பஸ்ஸில் தனியாக நிற்க வேண்டியிருக்குமே என்பது அவனுக்குப் பெரிய பயம்.

புனித அகுஸ்தினாருக்கு இது தெரியும். கி.பி. 354-இல் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே என்ற சிற்றூரில் பிறந்தவர். பதினாறு வயதில் படிப்பு நின்றுபோய் ஒரு வருடம் வீட்டில் சும்மா இருக்க வேண்டிய நிலை. மேல்படிப்புக்குக் கார்த்தேஜ் நகருக்கு அனுப்ப அப்பா பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் ஒரு நள்ளிரவில் தோழர்களோடு போய், அடுத்தவர் மரத்தை உலுக்கிப் பேரிக்காய்களைச் சுமந்து வந்தார். பசி இல்லை. அதைவிட நல்ல பேரிக்காய் அவரிடமே இருந்தது. திருடியதில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்குக் கொட்டினார்கள். பின்னாளில் ஆயராக இருக்கும்போது, தம் 'அறிக்கைகள்' நூலில், அந்த ஒரு இரவைப் பற்றிப் பக்கம் பக்கமாக யோசிக்கிறார். இதைவிடப் பெரிய பாவங்களையெல்லாம் செய்தவர், ஒரு கூடைப் பேரிக்காய்க்கு ஏன் இத்தனை பாடு? ஏனென்றால், ஏன் செய்தோம் என்பது அவருக்கே பிடிபடவில்லை. கடைசியில் ஒரு விடைக்கு வந்துசேர்கிறார். தனியாக இருந்திருந்தால் அதைச் செய்திருக்கவே மாட்டோம். கூட இருந்தவர்கள் கிளம்பியபோது, வெட்கமில்லாதவனாக இல்லாமல் இருப்பதற்கு வெட்கப்பட்டோம். ஒரு புனிதர் தம் பதினாறு வயதைப் பற்றிச் சொன்னது இது. நம் தெருமுனையில் நிற்கிற நான்காவது பையனும் இதைத்தான் சொல்கிறான், அவன் பாஷையில்.

அகுஸ்தினார் தம் மனத்தைத் தோண்டிக் கண்டதை இப்போது உளவியல் ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்பவரும் மார்கோ கார்ட்னர் என்பவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வளரிளம் பிள்ளைகளைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஆட வைத்தார்கள். தனியாக ஆடும்போது பெரியவர்களைவிட அவர்கள் அப்படியொன்றும் மோசமாக ஓட்டவில்லை. நண்பர்கள் பக்கத்தில் நின்று பார்க்கும்போது மட்டும் ஆபத்தான ஓட்டம் கூடியது. பெரியவர்களுக்கு யார் பார்த்தாலும் பெரிய மாற்றம் இல்லை. பிறகு மூளையைப் படம் எடுத்துப் பார்த்தபோது, நண்பன் பார்க்கிறான் என்று தெரிந்தாலே அந்த வயதில் இன்பத்தைத் தேடும் பகுதி கிளர்ந்தெழுவது தெரிந்தது. "இந்த வயசுல நான் இப்படியா இருந்தேன்?" என்று கேட்கிற அப்பாக்களுக்கு இதைச் சொல்கிறேன். இருந்தீர்கள். மறந்துவிட்டீர்கள்.

அகுஸ்தினாரின் நூலில் இன்னொரு பிள்ளை வருகிறார். அலிப்பியுஸ். அவரும் தகாஸ்தே ஊர்க்காரர், அகுஸ்தினாரைவிட இளையவர், பிரியமான நண்பர். சட்டம் படிக்க உரோமைக்குப் போனார். அந்தக் காலத்தில் அங்கே அரங்கத்தில் மனிதர்களை ஒருவரோடு ஒருவர் வெட்டிச் சாகவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அலிப்பியுசுக்கு அது அறவே பிடிக்காது. ஒரு நாள் விருந்து முடிந்து வந்த சக மாணவர்கள் வழியில் அவரைப் பார்த்து, சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். என் உடம்பைத்தான் இழுத்துப் போகிறீர்கள், நான் பார்க்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே போய், கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். காதை மூடவில்லை. ஒருவன் விழுந்தபோது அரங்கம் முழுவதும் எழுப்பிய ஓலத்தில் கண் திறந்துவிட்டது. திறந்த கண் பிறகு மூடவே இல்லை. இரத்தத்தைப் பார்த்துக் கத்தினார், வெறி ஏறிப்போனது. இதில் என்னை மிகவும் உலுக்குவது அடுத்து வருவது. அதற்குப் பிறகு அவர் தானாகவே அங்கே போக ஆரம்பித்தார். தன்னை இழுத்துப் போனவர்களுக்கும் முன்னால் போனார். புதிதாக வேறு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போனார்.

தம்பிகளே, இதைக் காது கொடுத்துக் கேளுங்கள். சிகரெட்டும் இப்படித்தான் கைமாறுகிறது. நான்காவதாக நின்று இருமிய பையன் அடுத்த வருடம் முதலாவதாக நின்று பற்றவைக்கிறான். அவனுக்குப் பின்னால் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன் நான்காவதாக வந்து நிற்கிறான். நீ கெட்டவன் இல்லை. ஆனால் நீ நீட்டிய கைக்கு ஒருநாள் கணக்குச் சொல்ல வேண்டிவரும்.

இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகளிடையே 2019-இல் எடுத்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பு, 13 முதல் 15 வயது வரையுள்ளவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துவதாகச் சொல்கிறது. பையன்களில் 9.6. பெண்பிள்ளைகளில் 7.4, ஆகவே மகளைப் பெற்றவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. நம் மறைக்கல்வி வகுப்பில் 36 பிள்ளைகள் இருந்தால், இந்தக் கணக்குப்படி மூன்று பேர். அதே கணக்கெடுப்பில் சிகரெட் தொட்ட பிள்ளைகளில் 38 விழுக்காட்டினர் பத்து வயது நிறைவதற்கு முன்பே தொட்டவர்கள். புதுநன்மை வாங்குகிற வயது, அன்பானவர்களே. நற்கருணையை வாங்க நாக்கை நீட்டக் கற்றுக்கொடுக்கிற வயது.

புகை இல்லாமலும் வருகிறது. கூல் லிப் என்ற பெயரில் ஒரு சிறு பொட்டலம், உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். வாடை இல்லை, வாத்தியாருக்குத் தெரியாது. பென்சில் டப்பாவில் வைத்துப் பக்கத்து பெஞ்சுக்குக் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் குட்காவும் பான்மசாலாவும் 2013-இலேயே தடை செய்யப்பட்டவை. தடை ஒரு பக்கம் இருக்கிறது, பொட்டலம் ஒரு பக்கம் வந்துகொண்டிருக்கிறது.

நம் திருச்சிக்குப் புகையிலை புதிதல்ல. உறையூர்ச் சுருட்டு ஒரு காலத்தில் டிரிச்சினாபொலி என்ற நம் ஊர்ப் பெயரோடு கப்பலேறியது. 1887-இல் வெளிவந்த ஆர்தர் கானன் டாயிலின் முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே நம் ஊர்ச் சுருட்டின் சாம்பல் ஒரு துப்பாக வருகிறது. அந்தச் சுருட்டைச் சுற்றிப் பிழைத்த ஏழைக் குடும்பங்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் வயிற்றுப்பாட்டுக்குச் செய்தார்கள். நான் சொல்ல வந்தது வேறு. புகைப்பது ஆம்பிளைத்தனம், துரைத்தனம் என்ற எண்ணம் இந்த ஊரில் பல தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கிறது. திரையில் கதாநாயகன் சிகரெட்டைச் சுண்டிப் போட்டு வாயில் பிடித்தபோது நாம் எல்லாரும்தான் விசில் அடித்தோம். பிள்ளைகளின் கூட்டம் அதை வானத்திலிருந்து கண்டுபிடிக்கவில்லை. நம்மைப் பார்த்து எடுத்துக்கொண்டது.

ஆகவே பெரியவர்களுக்கு முதலில் இரண்டு வார்த்தை. "டேய், கடைக்குப் போய் ஒரு சிகரெட் வாங்கிட்டு வா" என்று மகனை அனுப்புகிற அப்பாக்கள் இந்தக் கோயிலிலும் இருக்கிறீர்கள். அந்தக் கடைக்காரரை உங்கள் மகனுக்கு அறிமுகப்படுத்தியது எந்தக் கெட்ட சேர்க்கையும் இல்லை. நீங்கள்தான். தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள்.

கடை வைத்திருக்கிற நம் சகோதரர்களுக்கு: 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பதும், பள்ளி கல்லூரிகளைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது என்பதும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம். 2015-ஆம் ஆண்டு இளையோர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. சிறுவருக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். போலீஸ் வருமா வராதா என்பது வேறு பேச்சு. சீருடையில் ஒரு பிள்ளை வந்து கடை முன்னால் நிற்கும்போது, நீங்கள் "போப்பா, உனக்குக் கிடையாது" என்று சொன்னால், அந்த ஒரு மாலை அவன் தப்பித்தான். ஐந்து பேர் முன்னால் "வேண்டாம்" என்று சொல்ல அவனுக்குத் துணிச்சல் இல்லாதபோது, அதை அவனுக்காகச் சொல்கிறவர் நீங்கள்.

இனி, நண்பர்களை ஒதுக்கிவிடச் சொல்லப்போகிறேனோ என்று பிள்ளைகள் பயப்பட வேண்டாம். பெற்றோர் பலர் அதைத்தான் செய்து பார்க்கிறார்கள். போனைப் பிடுங்குகிறார்கள், பள்ளியை மாற்றுகிறார்கள், மாமா வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மாமா வீட்டுத் தெருவிலும் நான்கு பேர் நிற்கிறார்கள். தனியாக விடப்பட்ட பிள்ளைதான் முதலில் நீட்டுகிற கையைப் பிடித்துக்கொள்கிறான். நம் ஆண்டவரே யாரையும் தனியாக அனுப்பவில்லை. இருவர் இருவராக அனுப்பினார்.

அலிப்பியுசின் கதையை நான் முடிக்கவில்லை. கி.பி. 386-இல் மிலான் நகரில் ஒரு தோட்டம். அகுஸ்தினார் தம் பழைய வாழ்க்கையை விட முடியாமல் தவித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில், ஒரு வார்த்தையும் பேசாமல், எழுந்து போகாமல், அலிப்பியுஸ் உட்கார்ந்திருக்கிறார். அகுஸ்தினார் பவுலடியாரின் உரோமையர் திருமுகத்தைத் திறந்து ஓர் இடத்தைப் படித்து மனம் மாறினார் என்பது நமக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை நாம் அதிகம் சொல்வதில்லை. அலிப்பியுஸ் அந்தப் பக்கத்தை வாங்கி அடுத்த வரியைப் படித்தார். நம்பிக்கையில் வலுவற்றவரை ஏற்றுக்கொள்ளச் சொல்கிற வரி அது. இது எனக்கு எழுதியது என்றார். இருவரும் எழுந்து நேரே உள்ளே போய் மோனிக்காவிடம் சொன்னார்கள். அந்தத் தாய் எத்தனையோ ஆண்டுகள் ஒரு பிள்ளைக்காக அழுதார். அன்று இரண்டு பிள்ளைகள் வந்து நின்றார்கள். அடுத்த ஆண்டு, 387 பாஸ்கா இரவில், புனித அம்புரோசியார் கையால் இருவரும் திருமுழுக்குப் பெற்றார்கள். நண்பர்களால் அரங்கத்துக்கு இழுத்துப் போகப்பட்ட அதே அலிப்பியுஸ், ஒரு நண்பனோடு கடவுளிடம் வந்தார். பின்னாளில் தகாஸ்தேக்கே ஆயரானார்.

நட்பின் இந்த வலிமையை நாம் பயன்படுத்தவே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். மற்றவர்கள் பயன்படுத்திக் காட்டியிருக்கிறார்கள். தில்லியிலும் நம் சென்னையிலுமாக 32 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, 2004 முதல் 2006 வரை, அவற்றில் பாதியில் மைத்ரி என்ற பெயரில் ஒரு திட்டம் நடத்தினார்கள். ஆறாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். வாத்தியார் மேடையேறிப் பிரசங்கம் செய்வதோடு நிற்கவில்லை. பிள்ளைகளிலேயே சிலரைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து, அவர்களையே சக மாணவர்களிடம் பேச வைத்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில், திட்டம் நடக்காத பள்ளிகளில் புகையிலைப் பழக்கம் 68 விழுக்காடு கூடியிருந்தது. நடந்த பள்ளிகளில் 17 விழுக்காடு குறைந்திருந்தது. பிரிட்டனிலும் இப்படி 59 பள்ளிகளில் சோதித்துப் பார்த்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே ஒரு நல்ல காரியம் செய்தார்கள். யார் பேச வேண்டும் என்று ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. உங்கள் வகுப்பில் நீங்கள் யார் பேச்சைக் கேட்பீர்கள் என்று பிள்ளைகளையே எழுதச் சொன்னார்கள். நன்றாகப் படிக்கிற, அடக்கமான பையனின் பெயர்தான் வரும் என்பதில்லை. கூட்டத்தில் யாருடைய பேச்சு எடுபடுகிறதோ, அந்தச் சேட்டைக்காரப் பையனுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் பஸ்ஸிலும் சாப்பாட்டு நேரத்திலும் நண்பர்களிடம் சாதாரணமாகப் பேசினார்கள். திட்டம் நடக்காத பள்ளிகளைவிட அங்கே புகைக்கிறவர்கள் குறைவாக இருந்தார்கள்.

பீடச் சிறுவர்களையும் இளைஞர் இயக்கத்தாரையும் நடத்துகிறவர்கள் இதை யோசியுங்கள். நாம் எப்போதும் நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்தவனுக்கே மைக்கைக் கொடுக்கிறோம். கூட்டத்தின் தலைவன் கடைசி வரிசைத் தூணுக்குப் பின்னால் நிற்கிறான். அவனிடம் போய்ப் பேசுங்கள். இளையோரின் தந்தையான தொன் போஸ்கோ மாணவராக இருந்தபோதே, 1832-இல், கியேரி ஊரில் தம் வகுப்புத் தோழர்களைச் சேர்த்து மகிழ்ச்சிக் குழு என்று ஒன்று நடத்தினார். விளையாட்டு, நடை, பாட்டு, படிப்பு, கோயில். கிறிஸ்தவனுக்குப் பொருந்தாத பேச்சும் செயலும் வேண்டாம், கடமையைச் செய், சந்தோஷமாக இரு. இவ்வளவுதான் அதன் விதி. அவருக்கு அப்போது 17 வயது, நம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வயது.

ஏற்கெனவே பழகிவிட்ட பிள்ளைகளும் இங்கே இருக்கிறீர்கள். சிகரெட்டை இழுத்த சில விநாடிகளில் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. 25 வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிற மூளை அது, அதனால் சின்ன வயதில் பிடிக்கிற பிடி இறுக்கமாகப் பிடிக்கிறது. விட முடியவில்லை என்றால் நீ பலவீனமானவன் என்று நினைக்காதே. தனியாக விடப் பார்க்கிறாய், அதுதான் சிரமம். அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 12,067 பேரை 1971 முதல் 2003 வரை தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். ஒருவர் புகைப்பதை விட்டால், அவருடைய நண்பர் புகைக்கும் வாய்ப்பு 36 விழுக்காடு குறைந்தது. கூட்டம் கூட்டமாகத்தான் விட்டிருக்கிறார்கள்.

நற்செய்தியில் கப்பர்நாகும் ஊரில் ஒரு முடக்குவாதக்காரரை நான்கு பேர் தூக்கி வந்தார்களே. வாசலில் கூட்டம். கூரையைப் பிரித்து இறக்கினார்கள். ஆண்டவர் யாருடைய நம்பிக்கையைப் பார்த்தார்? தூக்கி வந்தவர்களுடைய நம்பிக்கையைப் பார்த்தார் என்று மாற்கு எழுதுகிறார். படுத்திருந்தவரின் பெயரும் நமக்குத் தெரியாது, அந்த நான்கு பேரின் பெயரும் தெரியாது. ஒருவனைத் தெருமுனைக்குக் கூட்டிப்போக நான்கு பேர் போதும் என்றால், அவனை ஆண்டவரிடம் கொண்டுவரவும் நான்கு பேர் போதும்.

இன்று நடக்கப் புறப்படுகிற பிள்ளைகளே, வேளாங்கண்ணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். இரவில் நடப்பீர்கள், டீக்கடைகளில் நிற்பீர்கள், அப்பா அம்மா கூட இல்லாத முதல் பயணமாக அது சிலருக்கு இருக்கும். முதல் சிகரெட்டைத் திருயாத்திரையிலேயே தொட்ட பிள்ளைகள் உண்டு என்பது நமக்கெல்லாம் தெரிந்த, வாய்விட்டுச் சொல்லாத வருத்தம். குழுவில் மூத்த அண்ணன்களே, அந்தச் சின்னப் பிள்ளைகள் உங்களைத்தான் பார்த்து நடக்கிறார்கள். காவி உடுத்தியிருக்கும் இந்த நாள்களில் யாரும் பற்றவைப்பதில்லை என்று புறப்படும்போதே சேர்ந்து முடிவெடுங்கள். எவனாவது நீட்டினால், "வேணாம் மச்சி, வா நடப்போம்" என்று முதலில் சொல்கிறவன் நீயாக இரு. இரண்டாவது ஆள் உனக்குப் பின்னால் காத்திருக்கிறான், அவனுக்கும் வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வந்த பிறகு விட நினைக்கிறவர்கள், நண்பனையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வாருங்கள். திட்டமாட்டேன். அப்பாவிடம் சொல்லவும் மாட்டேன். என்னிடம் வரத் தயக்கமாக இருந்தால், புகையிலையை விட உதவுகிற தேசிய எண் ஒன்று இருக்கிறது, காசு கிடையாது: 1800-11-2356. கோயில் அறிவிப்புப் பலகையிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம். குறித்துக்கொள்ளுங்கள்.